குட்டி டிஸ்கஸ்: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

போன வாரம் என் டிஸ்கஸ் மீன் (தட்டு மாதிரி வட்டமா இருக்குற அழகு மீன்) தொட்டி போட்டோ போட்டதுல இருந்து கேள்வி குவிஞ்சு கெடக்கு, தனித்தனியா பதில் அடிச்சு மாளல, அதான் மொத்தமா இங்க, கேட்டவங்கள அவங்க ஏரியா பேர வச்சு போட்டிருக்கேன். ரங்கூன்ல பதினோரு வருஷமா டிஸ்கஸ் வளர்க்குறேன், சாகடிச்சதும் நெறைய, அந்த அனுபவத்துல சொல்றேன்.

தாம்வே தம்பி: அண்ணே, ரெண்டடி தொட்டி சும்மா கெடக்கு. ரெண்டு இஞ்ச் குட்டி ஒரு ஜோடி விடலாமா?

வேணாம் தம்பி. ரெண்டே ரெண்டு விட்டா ஒண்ணு இன்னொண்ண வெரட்டி வெரட்டி மூலையில ஒதுக்கிரும், அது திங்காம கறுத்துப்போயி நிக்கும். கொறஞ்சது ஆறு விடு, அப்பதான் அந்த வெரட்டல் எல்லாத்துக்கும் பிரிஞ்சு போகும். ஆறுக்கு உன் ரெண்டடி பத்தாது, தொட்டி நாலடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி வேணும், சுமார் 250 லிட்டர் புடிக்கும். தண்ணி வெயிட்டு மட்டுமே கால் டன், பழைய மரவீட்டு மாடின்னா யோசிச்சு வையி. இன்னொண்ணு, தொட்டி வாங்குறதுக்கு முன்னாடி 200 லிட்டர் ப்ளாஸ்டிக் டிரம் ஒண்ணு வாங்கிப்போடு.

இன்செயின் அக்கா: எங்க வீட்ல போர் தண்ணி தம்பி, புடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கு, கொஞ்ச நேரத்துல பழுப்பாயிருது. ஆகுமா?

அது இரும்புக்கா. இதுக்குத்தான் டிரம்மு. ராத்திரி புடிச்சு ஏர் ஸ்டோன் (பம்ப்புல இருந்து காத்துக் குமிழி விடுற கல்லு) போட்டு விடுங்க, காலையில ஏர நிறுத்தி ரெண்டு மணி நேரம் விட்டா துரு அடியில உக்காந்திரும், மேல் தண்ணிய மட்டும் எடுங்க. குழாய்த் தண்ணில குளோரின் வாடை அடிச்சாலும் ஒரு ராத்திரி ஏர்ல போயிரும். பிஎச் (தண்ணியோட அமில அளவு) பத்தி ரொம்ப அலட்டிக்காதீங்க, அமேசான் ஆத்துல அமிலத் தண்ணில இருக்குற மீன்தான், ஆனா நம்ம வாங்குறது பண்ணையில பொறந்தது, 6ல இருந்து 7.5 வரைக்கும் தாங்கும். இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு தாவுறதுதான் ஆகாது, அதனால மருந்து ஊத்தி எறக்குற வேலையே வேணாம்.

மௌல்மேன் தம்பி: தொட்டி வந்த அன்னைக்கே மீன் விடலாமாண்ணே? மண்ணு, செடி எல்லாம் போடலாமா?

ரெண்டுக்கும் நோ. மீன் கழிவுல வர்ற அமோனியா விஷத்த நைட்ரைட்டா, அப்புறம் நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா ஃபில்டர்ல குடியேற நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். நோயில்லாத தொட்டி வச்சிருக்குற கூட்டாளிகிட்ட ஓடிக்கிட்டிருக்குற ஃபில்டரோட ஸ்பாஞ்ச் கெடச்சா சீக்கிரம் முடியும். அடியில ஒண்ணும் போடாத, வெறுங்கண்ணாடிதான், மிஞ்சின தீனி எங்க கெடக்குன்னு அப்பதான் தெரியும்.

சன்ச்சாவ்ங் தங்கச்சி: ஹீட்டர் எதுக்குண்ணே, நம்ம ஊரே அடுப்பு மாதிரிதான இருக்கு?

ஏப்ரல்ல வேணாம்மா, டிசம்பர் ஜனவரி ராத்திரில வேணும். குட்டிக்கு 29, 30 டிகிரி இருக்கணும். 200 வாட்ஸ் போதும்.

பெகு மச்சான்: தெனமும் தண்ணி மாத்தணுங்குற, கொஞ்சம் ஓவரா இல்ல? மூணு மாசமா வச்சிருக்கேன், வளரவே மாட்டேங்குதுடா.

கண்ண பாரு மச்சான். ஒடம்பு வட்டமா விரிஞ்சு கண்ணு சின்னதா தெரிஞ்சா நல்லா வளருதுன்னு அர்த்தம். ஒடம்பு நின்னுபோச்சுன்னாலும் கண்ணு மட்டும் பெருசாகிக்கிட்டே இருக்கும், முட்டைக்கண்ணோட நீளவாக்குல தெரிஞ்சா அது வயசான குட்டி, அப்புறம் நீ என்ன போட்டாலும் அந்த வட்டம் வராது. எனக்கே ஒரு கடையில ரெண்டு மாசக் குட்டின்னு அப்படி நாலு தலையில கட்டிட்டாங்க. குட்டிக்கு ஒரு நாளைக்கு அஞ்சு வேளை கொஞ்சம் கொஞ்சமா போடணும், அவ்வளவு தின்னா அவ்வளவு கழியும், 30 டிகிரி சூட்டுல அது சீக்கிரம் கெடும், அதான் தெனம் 100 லிட்டர் எடுத்துட்டு டிரம்முல இருந்து அதே சூட்டுல ஊத்துறேன். நீ ஃபில்டர்தான் ஓடுதேன்னு விட்டிருப்ப, ஃபில்டர் நைட்ரேட்ட வெளிய தூக்கிப்போடாது, வாளிதான் போடும்.

தன்லின் அக்கா: எல்லாரும் மாட்டு இதயம் போடச் சொல்றாங்க, எங்க வீட்ல மாட்டுக்கறி சேக்குறதில்ல.

தேவையே இல்லக்கா. எறாலும் முள்ளில்லாத வெள்ளை மீனும் சமமா, வேகவச்ச கீரை கொஞ்சம், பூண்டு ஒரு பல்லு, அரைச்சு ஜெலட்டின்ல கெட்டியாக்கி தட்டையா ஃப்ரீசர்ல வச்சிருங்க. துண்டு ஒடைச்சுப் போட்டு கால் மணி நேரத்துல மிச்சத்த உறிஞ்சி எடுத்திருங்க.

தாம்வே தம்பி மறுபடி: கரண்ட் போனா என்னண்ணே செய்யிறது?

நல்லா கேட்ட. ஒருக்கா ஒம்போது மணி நேரம் போச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு வந்ததும் கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளிய நிக்கிற மூடுன டப்பா) தானா ஓட ஆரம்பிச்சிருக்கு, நான் தூங்கிட்டேன். உள்ள காத்தில்லாம செத்து நாறிக்கிடந்த தண்ணி மொத்தமும் தொட்டிக்குள்ள. காலையில ரூம்ல அழுகுன முட்டை வாடை, நாலு மீன் சாஞ்சு கெடக்கு. அன்னையில இருந்து ஸ்பாஞ்ச் ஃபில்டர் ரெண்டும் பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணும்தான். கரண்ட் போனா தீனி நிறுத்திரு, குளுருன்னா தெர்மோகோல சுத்தி வையி, சூடு மெதுவாத்தான் எறங்கும்.

மௌல்மேன் தம்பி: ஏஞ்சல் கூட விடலாமா?

வேணாம். அதுக்கு ஒண்ணும் ஆகாத நோய இதுக்கு ஒட்டிவிட்டுட்டுப் போயிரும், தீனியும் அதுவே முந்திக்கும்.

சன்ச்சாவ்ங் தங்கச்சி: திஞ்சான் தண்ணித் திருவிழாவுக்கு அஞ்சு நாள் ஊருக்குப் போறோம்ணே...

குட்டி இன்னும் வாங்கலேல்ல? வந்துட்டு வாங்கும்மா. இப்ப டிரம்ம மட்டும் நெரப்பி வச்சுட்டுப் போ, மூடி போட்டு, இல்லேன்னா வர்றதுக்குள்ள கொசு குடும்பம் நடத்திரும்.