குஞ்சுகளை வாட்டுவது குளிரா, வெப்பமா?

கேள்வி: ஐந்நூறு இறைச்சிக் கோழிக் குஞ்சுகளை இறக்கி மூன்று நாட்கள் ஆகின்றன. ப்ரூடர் (குஞ்சுகளுக்குச் சூடு தரும் கருவி) பக்கத்தில் தொங்கும் வெப்பமானி 33 டிகிரி காட்டுகிறது. ஆனாலும் சில குஞ்சுகள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கின்றன. சிலவற்றுக்குப் பின்புறத்தில் எச்சம் ஒட்டியிருக்கிறது. குளிரா, வெப்பமா என்பதை அளந்து தெரிந்துகொள்ள முடியுமா? ரத்தப் பரிசோதனை செய்யலாமா?

பதில்: வணக்கம். இறப்பு தொடங்கும் முன்பே கேட்டுவிட்டீர்கள், நல்லது. முதலில் அந்த வெப்பமானியைக் கவனியுங்கள். அது காட்டும் 33 டிகிரி, அது தொங்கும் இடத்துக் காற்றின் சூடு மட்டுமே. உங்கள் இடுப்பு உயரத்தில் தொங்கினால், கீழே கூளத்தில் நிற்கும் குஞ்சு என்ன சூட்டை உணர்கிறது என்று அதிலிருந்து தெரியாது. குஞ்சின் முதுகு உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். கூளத்தின் சூட்டைத் தனியாக அளங்கள். 28 முதல் 30 டிகிரி இருக்க வேண்டும். தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் குஞ்சுக்கு ஏறக்குறைய இரண்டு வாரத்தில்தான் நிலைபெறுகிறது. அதுவரை ஈரமான, குளிர்ந்த கூளம் கால் வழியாகவே அதன் சூட்டை இழுத்துவிடும்.

இதைச் சோதிக்கக் கருவியே வேண்டாம். ஒரு குஞ்சை மெல்ல எடுத்து அதன் பாதங்களை உங்கள் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று பட்டால் குஞ்சு குளிர்ந்திருக்கிறது. நான் எந்தக் கொட்டகைக்குள் நுழைந்தாலும் முதலில் செய்வது இதைத்தான்.

எண்ணாகவே வேண்டுமென்றால், மனிதர்களுக்குக் காதில் வைத்துப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானியே போதும். எச்சத்துவாரத்தைச் சுற்றிப் பூமயிர் இல்லாத தோலில் வைத்து அளக்க வேண்டும். அந்த இடம் ஈரமாக இருந்தால் அளவு குறைத்துக் காட்டும். எச்சம் ஒட்டிய குஞ்சுகளை இதற்கு எடுக்காதீர்கள். பொரித்த முதல் நான்கு நாட்களில் 39.4 முதல் 40.5 டிகிரி வரை இருந்தால் சரி. அதற்குக் கீழே போனால் குளிர், மேலே போனால் வெப்பம். வளர வளர உடல் சூடு கூடி, பெரிய கோழிக்குரிய 41 டிகிரியைத் தாண்டும் என்பதால் இந்த வரம்பை அடுத்த வாரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

ப்ரூடருக்கு அடியில், நடுவில், தடுப்பு ஓரத்தில் என்று மூன்று இடங்களிலும் ஐந்தைந்து குஞ்சுகளை அளங்கள். பிற்பகலில் ஒருமுறை, விடியலுக்கு முன் மூன்று மணி வாக்கில் ஒருமுறை. அந்த நேரத்தில் எழுவது சிரமம்தான், ஆனாலும் எழுந்திருங்கள். பகலில் சரியாக இருக்கும் குஞ்சு பெரும்பாலும் அப்போதுதான் குளிர்கிறது.

ஒன்றில் கவனம் வேண்டும்: அளப்பதே குஞ்சுக்கு ஒரு நெருக்கடி. துரத்திப் பிடித்தால் மூச்சு கூடும், சூடும் ஏறும். அதனால் உள்ளே காலடி வைக்கும் முன் வாசலிலேயே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ப்ரூடருக்கு அடியில் நெருக்கியடித்துக் கீச்சிட்டால் குளிர். ஓரத்துக்கு விலகி, இறக்கையைத் தொங்கவிட்டு வாய் திறந்து மூச்சிரைத்தால் வெப்பம். மூச்சிரைப்பு நீடித்தால் உடலின் நீர் வற்றும். கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி ரத்தத்தின் கார அமிலச் சமநிலையும் குலையும்.

ரத்தப் பரிசோதனை உங்களுக்கு இப்போது தேவையில்லை என்பது என் கருத்து. கார்ட்டிகோஸ்டீரோன் என்ற நெருக்கடி ஹார்மோன், பிடித்த இரண்டு மூன்று நிமிடங்களிலேயே உயரத் தொடங்கிவிடும். ரத்தம் எடுக்கத் தாமதித்தால், கொட்டகையின் பாதிப்பை அல்ல, உங்கள் கை பட்டதன் பாதிப்பையே அளந்திருப்பீர்கள். வெள்ளணுக்களில் ஹெட்டரோஃபில், லிம்ஃபோசைட் என்ற இரு வகைகளின் விகிதம் மெதுவாக மாறுவது; நாள்பட்ட நெருக்கடியைக் காட்ட அதுவே பொருத்தம். 1983இல் கிராஸ், சீகல் என்ற ஆய்வாளர்கள் கோழிகளுக்கு இந்த விகிதம் 0.2 என்றால் குறைந்த நெருக்கடி, 0.5 நடுத்தரம், 0.8 மிகை என்று வரையறுத்தார்கள். ஆனால் புதிதாகப் பொரித்த குஞ்சில் ஹெட்டரோஃபில் இயல்பாகவே மிகுந்திருக்கும். அதே வயதுடைய நலமான குஞ்சுகளோடு ஒப்பிடாமல் அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அதைவிடத் தராசு உங்களுக்கு உதவும். ஏழாம் நாள் ஐம்பது குஞ்சுகளைத் தனித்தனியாக நிறுங்கள். இறக்கிய நாள் எடையைப்போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும். சராசரி குறையாமல் எடைகள் மட்டும் சிதறிக் கிடந்தால், கொட்டகையின் ஒரு பகுதி குளிர்ந்தோ காய்ந்தோ கிடக்கிறது என்று தேடுங்கள்.

எச்சம் ஒட்டிய குஞ்சுகளை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்த்திவிடுங்கள். இரண்டு வேளை அளவும் வரம்புக்குள் இருந்து, அப்படியும் குஞ்சுகள் சோர்ந்தே நின்றால் காரணம் சூட்டில் இல்லை. கிருமித் தொற்றாக இருக்கலாம். அப்போது காத்திருக்காமல், இறந்தவை இருந்தால் அவற்றையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.