கைனசினும் ஊக்க மாத்திரையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். அப்பா வலது பாதத்தைத் தூக்க முடியாமல் அடிக்கடி தடுக்கி விழுந்தார். இப்போது, தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோகும் ஏஎல்எஸ் நோய் என்று சொல்லிவிட்டார்கள். நரம்புக்குள் கைனசின் என்ற புரதம் மூட்டை சுமந்த கூலியாள் மாதிரி நடந்துபோகும் அனிமேஷனைக் காட்டி, அது நடை தளர்வதால்தான் இந்த நோய் வருகிறது என்று ஒருவர் காணொளியில் சொல்கிறார். அதற்கு, உயிரணுக்களின் எரிபொருளான ஏடிபி கலந்த ஊக்க மாத்திரையும் விற்கிறார். மூன்று டப்பா வாங்கிவிட்டோம். கொடுக்கலாமா? எனக்கும் தம்பிக்கும் மரபணு சோதனை வேண்டுமா? அல்சைமரும் இதனால்தானா?

கோ.

அன்புள்ள கோ.,

கொடுக்காதீர்கள். டப்பாக்களைத் திருப்பி வாங்கிக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் குப்பையில் போடுங்கள்.

அப்பாவுக்கு இப்படி ஒரு நோய் வந்தால் பிள்ளைகள் எதையும் பிடித்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். அதில் உங்கள்மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் விலங்கியல் ஆசிரியர். வாயில் போட்ட ஏடிபி குடலைத் தாண்டி முழுதாக ரத்தத்துக்குப் போகுமா, ரத்தத்திலிருந்து நரம்பணுவுக்குள் நுழையுமா என்று கேட்டிருக்க வேண்டாமா? வழியிலேயே நொதிகள் அதை உடைத்துவிடும். போய்ச் சேர்ந்தாலும் பயனில்லை. நரம்பணுவுக்குள் ஏடிபி மில்லிமோலார் அளவில், அதாவது தாராளமாகவே இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே கைனசின் தன் முழு வேகத்தில் பாதியை எட்டிவிடும். ஏற்கெனவே உச்சத்துக்கு அருகில் ஓடுகிற ஒன்றுக்கு மேலும் ஏடிபி கொடுத்து என்ன ஆகப்போகிறது?

அந்த அனிமேஷனைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அழகான படம்தான், அதை வகுப்பில் காட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூலியாள் இடறுவதே இல்லை, விழுவதே இல்லை, சும்மா உட்காருவதும் இல்லை. பார்க்கிறவர் மனதில் ஓடினால் ஆரோக்கியம், நின்றால் நோய் என்று பதிந்துபோகிறது. மாத்திரை விற்பவர்களுக்கு வேண்டிய இடம் அதுதான்.

1985இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் வேல், ரீஸ், ஷீட்ஸ் மூவரும் ஊசிக்கணவாயின் பெரிய நரம்பிழையை வைத்து வேலை செய்தபோது கைனசினைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு இரண்டு தலை, நீண்ட தண்டு, சரக்கைப் பிடிக்கும் வால். தண்டவாளம் மாதிரி ஓடும் நுண்குழலில் ஒட்டியிருக்கும் முன்தலையில் ஏடிபி வந்து உட்கார்ந்ததும் அதன் கழுத்துப் பகுதி இறுகி மடிகிறது. பின்தலை விடுபட்டு 16 நானோமீட்டர் முன்னால் போய் விழுகிறது. சரக்கு நகர்வது 8 நானோமீட்டர். ஓர் அடிக்கு ஓர் ஏடிபி, வினாடிக்கு ஏறத்தாழ நூறு அடி. இவ்வளவும் படத்தில் இருக்கிறது. தனி மூலக்கூறு ஒன்று ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர் போனதும் பாதையிலிருந்து கழன்றுவிடும் என்பது மட்டும் இல்லை. உங்கள் அப்பாவின் இடுப்புத் தண்டுவடத்திலிருந்து பாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர். ஒரே கைனசினை நம்பினால் சரக்கு பத்து லட்சம் முறை கீழே விழ வேண்டியிருக்கும். அதனால்தான் ஒரு சரக்கில் பல மோட்டார்கள் (இப்படி நடக்கும் புரதங்களை அப்படித்தான் சொல்வார்கள்) தொற்றிக்கொள்கின்றன. எதிர்த்திசையில் இழுக்கும் டைனீனும் பல சமயம் அதே சரக்கில் இருக்கிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. நரம்பணுவில் இருக்கும் கைனசின்களில் பெரும்பகுதி எந்த நேரத்திலும் நடந்துகொண்டிருப்பதில்லை. தண்டு நடுவில் மடிந்து, வால் வந்து இரண்டு தலைகளையும் பிடித்துக்கொள்கிறது. அந்த நிலையில் அது ஏடிபியை வீணாக்குவதில்லை, பாதையில் ஏறுவதுமில்லை. சரக்கும் துணைப் புரதங்களும் வந்து சேர்ந்தால்தான் மடிப்பு விரிகிறது. புறப்பட்டது சரியான இடத்தில் நிற்கவும் வேண்டும். நரம்பணு சேதி கடத்தும் இடமான சினாப்ஸில் கால்சியம் ஏறும்போது, ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் மேலுள்ள மீரோ என்ற புரதம் அதை உணர்ந்து ஓட்டத்தை நிறுத்துகிறது. ஆற்றல் எங்கே செலவாகிறதோ அங்கேயே மைட்டோகாண்ட்ரியா தங்குவதற்கு இந்த நிறுத்தம்தான் காரணம்.

இப்போது கேஐஎஃப்5ஏ மரபணுவைப் பாருங்கள். நரம்பணுக்களுக்கான கைனசின்களில் ஒன்று இதிலிருந்து வருகிறது. தலைப்பகுதியில் பிறழ்வு வந்தால் பிடிப்பும் நடையும் கெடும், கால்கள் விறைத்துப்போகும் பரம்பரை வாதம் வரும். இதை 2002இல் கண்டுபிடித்தார்கள். இது காணொளிக்காரர் சொல்வதோடு ஒத்துப்போகும். ஆனால் 2018இல் அதே மரபணுவை ஏஎல்எஸ்ஸோடு இணைத்த பிறழ்வுகள் தலையில் இல்லை, வால்நுனியில் இருந்தன. 27ஆம் எக்ஸான் என்ற மரபணுத் துண்டு விட்டுப்போகிறது, அதனால் மும்மூன்று எழுத்தாகப் படிக்கும் சட்டகம் நழுவுகிறது, கடைசி 34 அமினோ அமிலங்கள் போய் அவற்றின் இடத்தில் சம்பந்தமில்லாத 39 வந்து ஒட்டிக்கொள்கின்றன. தலைகள் நன்றாகவே இருக்கின்றன. 2022இல் பல ஆய்வகங்கள் இதைச் சோதித்தன. வால் தலைகளைப் பிடித்துவைக்கும் வேலை தளர்ந்துவிடுகிறது. மோட்டார் அளவுக்கு மீறி இயங்கி நரம்பிழையின் நுனிக்குப் போய்க் குவிகிறது, திரள்கிறது, நரம்பணுவுக்கு நஞ்சாகிறது.

இந்த மரபணுவில் ஏஎல்எஸ் தரும் பிறழ்வு மோட்டாரைத் தளர்த்துவதில்லை, அடங்காமல் ஓடவிடுகிறது! அந்த நோயாளிக்கு மோட்டாரை ஊக்குவிக்கும் மருந்து உண்மையாகவே ஒன்று இருந்து அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இது அந்த ஒரு மரபணுவின் கதை மட்டுமல்ல. சினாப்ஸுக்கு வேண்டிய பைகளைச் சுமக்கும் கேஐஎஃப்1ஏ என்ற இன்னொரு கைனசின் முழுக்க இல்லாத எலிக்குட்டிகளில் பெரும்பாலானவை பிறந்த ஒரு நாளுக்குள் இறந்தன. டோக்கியோவில் ஹிரோகாவாவின் குழு 1998இல் காட்டியது அது. மனிதரில் அதே மரபணுவில் வரும் பிறழ்வுகள் பெரும்பாலும் மோட்டாரைப் பலவீனமாக்குகின்றன. ஆனால் சில அதை மிகையாக இயக்குகின்றன என்று 2019இல் தெரியவந்தது. இரண்டு வகையும் கால் விறைப்பில் கொண்டுவிடும். எந்த மோட்டார், எந்தப் பகுதி, கூடியதா குறைந்ததா என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரே மாத்திரையை நீட்டுகிறவரை மருத்துவம் தெரிந்தவர் என்று எப்படி நம்பினீர்கள்?

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சந்தியா கௌஷிகாவின் ஆய்வகம் நரம்பிழைச் சரக்குப் போக்குவரத்தை ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் பார்க்கிறது. புழுவின் உடல் கண்ணாடி மாதிரி இருப்பதால் உயிரோடு இருக்கும்போதே உள்ளே சரக்கு போவதும் நிற்பதும் தெரியும். மாணவர்களுக்குக் காட்ட அந்த மாதிரிப் படங்களைத் தேடுங்கள். ஒளிப்புள்ளிகள் திக்கித் திக்கி, நின்று, பின்னால் போய், மறுபடி முன்னே வரும். அனிமேஷனைவிட அவற்றில் பிள்ளைகள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

அல்சைமர் பற்றிக் கேட்டது வேறு பெரிய விஷயம். அந்த நோயில் மூளையில் படியும் அமிலாய்டுக்கு மூலமான முன்னோடிப் புரதத்தைக் கைனசின்தான் நேரடியாகச் சுமக்கிறது என்று 2000 வாக்கில் ஒரு கருத்து வந்தது. வேறு ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

மரபணு சோதனையை உங்களிடமிருந்து தொடங்காதீர்கள், அப்பாவுக்குச் செய்யட்டும். ஏஎல்எஸ் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் குடும்ப வரலாறே இருக்காது. மரபணுக் காரணம் உள்ளவர்களிலும் கேஐஎஃப்5ஏ அரிது. அவருக்கு எஸ்ஓடி1 என்ற மரபணுவில் பிறழ்வு இருந்தால் மட்டும் சிகிச்சையில் வித்தியாசம் வரும், டோஃபெர்சன் என்ற மருந்து அதற்கென்றே 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அப்பாவிடம் ஏதாவது கிடைத்தால் பிறகு நீங்களும் தம்பியும் மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

கடிதத்தில் அப்பாவின் எடை, மூச்சு, விழுங்குவது பற்றி ஒரு வரிகூட இல்லை. அதுதான் எனக்கு வருத்தம். நோயைக் கொஞ்சம் மந்தப்படுத்தும் ரிலுசோல் மாத்திரை 50 மில்லிகிராம் காலை ஒன்று மாலை ஒன்று தொடங்கியிருக்கிறார்களா, கல்லீரல் நொதிகளைப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள், இந்த நோயில் இளைக்கவிடக் கூடாது. தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் உடனே சொல்லுங்கள். மூச்சுத் திறனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும், உட்கார்ந்த நிலையில் மட்டுமல்ல, படுத்த நிலையிலும். உதரவிதானம் தளர்வது படுக்கும்போதுதான் முதலில் தெரியும். இரவில் இரண்டு தலையணை கேட்கிறாரா, காலையில் தலைவலியோடு எழுகிறாரா என்று இன்றே அம்மாவிடம் கேளுங்கள். ஆம் என்றால் அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், முகமூடி வழியே மூச்சுக்குத் துணைசெய்யும் கருவி தேவைப்படலாம். டப்பாக்காரர் பணத்தைத் திருப்பித் தந்தால் அதற்கு உதவும்.