மேடையில் நாலு பேர், கேரேஜில் ஒருவர்

அம்மா, உங்கள் மகனை அடுத்து என்ன படிக்கவைக்கலாம் என்று கேட்டு, போன சனிக்கிழமை நீங்களும் சாரும் தம்பியோடு என்னிடம் வந்தபோது, "கவலைப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று இப்போது தெரிகிறது. நகையை அடகு வைத்து மேனேஜ்மெண்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கப்போவதாக நேற்று போனில் சொன்னீர்கள். வாங்காதீர்கள். "எனக்கு அது பிடிக்கவில்லை" என்று தம்பி அன்றைக்கே மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் கூட வந்திருந்த பெரியப்பாதான் அவனுக்காகப் பதில் சொன்னார்.

தம்பிக்கு ஆசை நண்பர்களோடு நடத்தும் பேண்டில், அதாவது இசைக்குழுவில். "பேண்ட் வைத்து யார் பிழைத்தார்கள்?" என்று பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்வி. தம்பிக்குப் பிடித்த ஆர்.இ.எம். என்ற ராக் இசைக்குழுவையே பார்ப்போம். அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரம். ரெக்கார்டு கடையில் வேலை பார்த்த பீட்டர் பக், ஓவியம் படித்த மைக்கேல் ஸ்டைப், பள்ளியிலிருந்தே சேர்ந்து வாசித்த மைக் மில்ஸ், பில் பெர்ரி. 1980 ஏப்ரலில், ஒரு பழைய தேவாலயத்தில் நடந்த பிறந்தநாள் விருந்தில் முதல் கச்சேரி. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார்கள், மறைக்க மாட்டேன். வார்னர் போன்ற பெரிய ரெக்கார்டு கம்பெனி ஒப்பந்தம் கைக்கு வந்தது 1988-ல்தான். எல்லாப் பாட்டையும் நால்வர் பெயரிலேயே போட்டுக்கொண்டார்கள். தம்பியும் நண்பர்களும் பாட்டில் யாருக்கு என்ன பங்கு என்ற விவரத்தை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைக்கட்டும்.

ஆனால் நான் காட்ட விரும்புவது மேடையில் இருந்தவர்களை இல்லை. 1981-ல் அவர்களுடைய முதல் சிங்கிளை (தனிப்பாட்டாக வரும் ரெக்கார்டை) பதிவு செய்தவர் மிட்ச் ஈஸ்டர். வட கரோலினாவில், பெற்றோர் வீட்டு கேரேஜைத்தான் ஸ்டுடியோ ஆக்கியிருந்தார். முதலில் அச்சடித்த 1000 பிரதிகள் தீர்ந்து, மேலும் 6000 போட்டார்கள். 1983-ல் வந்த முதல் ஆல்பம் 'மர்மர்' டான் டிக்சனோடு சேர்ந்து அவர் தயாரித்ததுதான். அந்த வருடத்தின் சிறந்த ஆல்பமாக ரோலிங் ஸ்டோன் பத்திரிகை விமர்சகர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இத்தனைக்கும் ஈஸ்டருக்கு 'லெட்ஸ் ஆக்டிவ்' என்று சொந்த பேண்டும் இருந்தது.

தம்பி தன் போனில் ஒரே டிரம்ஸை இரண்டு விதமாகப் பதிவு செய்து எனக்குப் போட்டுக் காட்டினான். முதலாவது வெறும் மாடி அறையில். இரண்டாவது, சுவரெல்லாம் உங்கள் வீட்டுப் போர்வைகளைக் கட்டி, மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்து. பாட்டு நன்றாக இருக்கிறதா என்று அவன் கேட்கவே இல்லை. வித்தியாசம் என் காதில் விழுந்ததா என்றுதான் முகத்தைப் பார்த்தான்.

இந்தக் காதுக்குப் படிப்பு இருக்கிறது. சென்னை தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு நான்கு வருடப் பட்டப்படிப்பு. மைக் எங்கே வைப்பது, அறையின் எதிரொலியை எப்படி அடக்குவது, படப்பிடிப்புத் தளத்தில் வசனம் பிடிப்பது, டப்பிங், மிக்ஸிங் எல்லாம் கைப்பழக்கமாக வரும். சினிமா மட்டும் இல்லை. கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் மாநாட்டுக்கும் ஒலியைச் சரிசெய்யும் மிக்ஸர் முன்னால் விஷயம் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும். பேண்டுக்கு வருமானம் இல்லாத மாதங்களில் அந்த வேலை சோறு போடும்.

இடங்கள் குறைவு, கிடைக்காமலும் போகலாம். அப்படியானால் தம்பி அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்து, சாயங்காலம் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரோடு வேலைக்குப் போகட்டும். லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் டிப்ளமோவுக்கும் கடன் வாங்கக் கூடாது. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை தம்பியை மட்டும் அனுப்புங்கள், விண்ணப்பத்தை அவனே நிரப்பட்டும். அந்தப் போர்வைகள் அதுவரை மாடியிலேயே தொங்கட்டும், அம்மா.