திடலில் வீடு கட்டலாமா?

கேள்வி: எங்கள் தெரு முனையில் இருக்கும் நகராட்சித் திடலை வீடு கட்ட விற்கப்போவதாக வேலியில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். தடுக்க முடியுமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: முயன்று பார்க்கலாம் அம்மா. முதலில் அறிவிப்பைப் படம் எடுத்து, கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ஒருமுறை முத்திரை இல்லாமல் திரும்பி வந்தேன். கடிதமே வரவில்லை என்றுவிட்டார்கள்.

2003ஆம் ஆண்டு நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, அடிப்படைச் சேவைகளுக்கு அந்த நிலம் தேவையில்லை என்று நகராட்சி மன்றம் பொதுமக்கள் வரக்கூடிய கூட்டத்தில் முடிவெடுத்த பிறகே விற்கலாம். அதனால் ஒரு வாரம் திடலைக் கவனித்து எழுதுங்கள்: காலையில் நடக்க வரும் பெரியவர்கள் எத்தனை பேர், சாயங்காலம் பந்தாடும் பிள்ளைகள் எத்தனை பேர், மழைநீர் எந்த மூலையில் இறங்குகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது, அந்த மூலை முக்கியம்.

அப்புறம், வீடே வேண்டாம் என்று மட்டும் எழுதாதீர்கள். நிறவெறி ஆட்சிக் காலத்தில், டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவரப்பட்டவர் என் அம்மா. ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியதைச் சாகும்வரை சொன்னார். அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு வீட்டுரிமை பற்றியது, அதுவும் நம்முடையதுதான். பக்கத்தில் சும்மா கிடக்கும் நிலம் இருந்தால், கடிதத்தில் அதையும் காட்டுங்கள்.