வாத்தியார் பதில்கள்: கீழ் ஸ்தாயியில் ஒருவர்

திருவொற்றியூர் கோயில் நவராத்திரியில் நீங்களும் உங்கள் நண்பரும் ஜோடியாக மாண்டலின் வாசித்ததைக் கேட்டு வளர்ந்தவள் நான். அவர் இறந்தது தாமதமாகத்தான் தெரிந்தது. அவரைப் பற்றி எழுதுங்களேன்.
(வாசகி, ராயபுரம்)

எழுதுகிறேன் அம்மா. மேல் ஸ்தாயியில், அதாவது உச்சக் குரலில், வேகமாக ஓடியது என் கை என்பதால் ஜனங்கள் என்னைத்தான் பார்ப்பார்கள். பாட்டைத் தாங்கியவர் அவர்.

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். வயதில் மூத்தவர், எனக்கு அண்ணன் மாதிரி, அப்படித்தான் கூப்பிடுவேன். வீட்டில் 'டேய்' என்பவர், மேடை ஏறினால் 'சார்' என்பார். தந்தியை மீட்டக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் வில்லை, பிளெக்ட்ரம், அவருக்கு ஆகாது. கொட்டாங்குச்சியை வெட்டி, அரத்தால் ராவி, உப்புத்தாளில் தேய்த்து, தேங்காயெண்ணெய் தடவி வைத்துக்கொள்வார். அதனால் தந்தியில் 'டிக்'கென்று தட்டுகிற சத்தமே வராது, நாதம் மட்டும் வரும்.

நீங்கள் கேட்டதில் 'தாரினி தெலுசுகொண்டி' கட்டாயம் இருந்திருக்கும். தியாகராஜ சுவாமி திருவொற்றியூர் அம்பாள் மேல் பாடிய ஐந்து கீர்த்தனைகளில் ஒன்று, சுத்த சாவேரி ராகம். பல்லவியை முதலில் நான் தனியாக வாசிப்பேன். மறுபடி எடுக்கும்போது அண்ணன் கீழ் ஸ்தாயியில் வந்து சேருவார். முழுக்க வாசிக்க மாட்டார். ரிஷபம் (ரி), தைவதம் (த) என்ற இரண்டு ஸ்வரங்களை மட்டும் தொட்டு அசைத்துவிட்டு, மற்றதை எனக்கு விட்டுவிடுவார். காந்தாரமும் நிஷாதமும் இல்லாத ராகம், இருப்பதே ஐந்து ஸ்வரம். அதில் இரண்டை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் கோயில் பிராகாரத்தையே நிறைத்தார். எங்கே வாசிக்கக்கூடாது என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரிந்த வேறு எவருக்கும் தெரியாது.

எட்டுத் தந்தி மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வருமா? மாண்டலின் மேதை சீனிவாஸ் ஐந்து தந்திதானே வைத்திருந்தார்?
(மாணவர், வியாசர்பாடி)

வரும் தம்பி, ஆனால் கை வலிக்கும். எட்டும் நான்கு ஜோடி. ஜோடித் தந்தியை இழுத்துக் கமகம், அதாவது ஸ்வரத்துக்கு அசைவு, கொடுத்தால் இரண்டும் ஒரே அளவு இழுபடாது, சுருதி பிசகும். நாதமும் சட்டென்று அடங்கிவிடும். அதனால்தான் சீனிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினில் தந்திகளை ஒற்றையாக்கி ஐந்து வைத்தார். அவருடைய குரு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். குரு பாடுவார், பையன் அதைக் கேட்டு வாசிப்பான். நீயும் வாய்ப்பாட்டை விட்டுவிடாதே. அப்புறம், காசிமேட்டுப் பக்கத்து உப்புக்காற்றுக்குத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து வை.

சீனிவாஸ்–ராஜேஷ் சகோதரர்களை உங்கள் நண்பருக்குப் பிடிக்குமா?
(வாசகர், கொருக்குப்பேட்டை)

உயிர். 2014 செப்டம்பர் 19, சீனிவாஸ் காலமான அன்று சாயங்காலம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். சீனிவாஸுக்கு வயது நாற்பத்தைந்துதான். காபி ஆறிப்போயிற்று, அண்ணன் தொடவில்லை. "அந்தத் தம்பி ராஜேஷ் இனிமே பக்கத்துல யாரைக் கேட்டு வாசிப்பான்?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ராஜேஷ் தொடர்ந்து மேடையேறி வாசித்தார் என்பதில் அண்ணனுக்கு அவ்வளவு நிம்மதி.

இந்த நவராத்திரிக்கு வாசிப்பீர்களா?
(வாசகி, தண்டையார்பேட்டை)

வாசிக்கிறேன். மேல் ஸ்தாயியை என் மாணவிக்குக் கொடுத்துவிட்டு நான் அண்ணன் இடத்துக்கு மாறியிருக்கிறேன். அவர் விட்ட கொட்டாங்குச்சி பிளெக்ட்ரம்தான் கையில். ரிஷபம் ஓரளவு பிடிபட்டது. தைவதத்தில் இன்னும் அவசரப்படுகிறேன், அதற்குள் சரிசெய்ய வேண்டும். சுத்த சாவேரி நிச்சயம் உண்டு, வாருங்கள்.