எதிரே வந்தவர்

ஐயா, வணக்கம்.

போன வருடம் அப்பா தவறிவிட்டார். வருகிற ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம். பெண் பார்க்கக் கிளம்பிய அன்று அம்மா வாசலுக்கு வந்தார். "நீ உள்ள போம்மா, கிளம்பும்போது எதிர்ல நிக்காத" என்றார் பெரியப்பா. அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். தம்பியும் நானும் பேசாமல் காரில் ஏறிவிட்டோம். அது இன்னும் உறுத்துகிறது. அன்று இரவே பெரியப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு நீண்ட செய்தி அனுப்பினார். பூனை குறுக்கே போவது, எலுமிச்சை மிளகாய் கட்டுவது, ஆடியில் கல்யாணம் கூடாது என்பது என்று எல்லாவற்றுக்கும் அறிவியல் காரணம் போட்டிருந்தது. இந்தச் சகுனமெல்லாம் உண்மையில் எங்கிருந்து வந்தது? பெரியப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

ர., திண்டுக்கல் பக்கம்

அன்புள்ள ர. அவர்களுக்கு,

அந்த வாட்ஸ்அப் செய்தி எனக்கும் வந்திருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

அந்தக் காலத்தில் இரவில் மாட்டு வண்டி போகும்போது பூனையின் கண் மின்னி மாடு மிரளும், அதனால்தான் பூனை குறுக்கே வந்தால் நின்று போகச் சொன்னார்கள் என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டப்பகலில் நடந்து போகிறவரும் பூனையைக் கண்டால் ஏன் நிற்கிறார்? வண்டிகள் ஓடிய பிரிட்டனில் கறுப்புப் பூனை குறுக்கே வந்தால் நல்லது என்று நம்பியவர்கள் ஏராளம். எலுமிச்சையின் சத்தை நூல் உறிஞ்சிக் காற்றில் பரப்பும் என்பதை ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டியதில்லை. ஆடியில் மணம் முடித்தால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும் என்பதைவிட, "ஆடிப் பட்டம் தேடி விதை" என்ற பழமொழி எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. விதைப்பு மாதத்தில் வீட்டில் இருக்கும் காசும் ஆளும் வயலுக்குப் போய்விடும். கல்யாணத்துக்கு எங்கே போவது? விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டாதே, கூட்டாதே என்பதை வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம். சிமினி வெளிச்சத்தில் விரலும் போகும், கீழே விழுந்த மூக்குத்தித் திருகாணியும் குப்பையோடு போகும்.

மற்றபடி இந்தக் காரணங்கள் பின்னால் ஒட்டுப்போட்டுத் தைத்தவை. நம்பிக்கையை முதலில் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் அதற்குக் காரணம் தேடுகிறார்கள். முன்னோர்மேல் உள்ள பாசத்தில் செய்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் முன்னோர் இதையெல்லாம் எப்படி நினைத்தார்கள் என்பதை அவர்களே எழுதி வைத்திருக்கும்போது நாம் கதை கட்ட வேண்டியதில்லை.

முல்லைப்பாட்டின் தொடக்கத்தைப் பாருங்கள். தலைவன் போருக்குப் போயிருக்கிறான். வருவானா மாட்டானா தெரியவில்லை. மழை பெய்த ஒரு மாலையில் வயதான பெண்கள், 'பெருமுது பெண்டிர்', ஊருக்கு வெளியே போய் நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கைதொழுது நிற்கிறார்கள். யாராவது தற்செயலாகப் பேசும் சொல் காதில் விழுமா என்று காத்திருக்கிறார்கள். இதற்கு விரிச்சி என்று பெயர். பக்கத்தில் சிறு தாம்புக் கயிற்றில் கட்டிய இளங்கன்று தாயைக் காணாமல் தவிக்கிறது. ஓர் ஆயர் மகள், குளிரில் நடுங்கும் தோளில் கையைக் கட்டியபடி, அந்தக் கன்றிடம் "இன்னே வருகுவர் தாயர்" என்கிறாள். இதோ வந்துவிடுவார்கள் உன் அம்மாக்கள். அவ்வளவுதான். பெண்கள் வீட்டுக்கு ஓடி வந்து, நல்ல சொல் கேட்டோம், உன் கணவன் வருவான் என்று தலைவியிடம் சொல்கிறார்கள்.

சகுனம் பிறக்கிற இடம் இதுதான். நம் கையில் இல்லாத ஒன்றுக்காகக் காத்திருக்கும்போது காது எதையாவது பிடித்துக்கொள்ளத் தவிக்கிறது. அகநானூற்றில் கணவன் வரவை எண்ணி நிற்கும் பெண் பல்லி ஒலிக்கும்போதெல்லாம் அதைத் தொழுகிறாள். நற்றிணையில் ஒரு காட்டுப்பன்றி தினைப்புனத்தில் நுழையப் போகும் நேரத்தில் பல்லி ஒலித்ததும் மெல்ல மெல்லப் பின்வாங்கிக் குகைக்குத் திரும்பிவிடுகிறது. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட இன்றும் வரிசை நிற்கிறதென்றால் அந்தத் தவிப்பு நம்மிடம் இருக்கிறது என்றுதான் பொருள்.

உலகம் முழுக்க இப்படித்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக்கின் டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கிய மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி ஒன்றைக் கவனித்தார். அமைதியான உள்கடலில் மீன் பிடிக்கப் போகும்போது அந்த மக்கள் மந்திரச் சடங்கு எதுவும் செய்வதில்லை. ஆபத்தான திறந்த கடலுக்குப் போகும்போது மட்டும் சடங்குக்கு மேல் சடங்கு. 1948இல் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் இரை விழ வைத்தார். எட்டில் ஆறு புறாக்கள் ஆளுக்கொரு சடங்கைப் பழகிக்கொண்டன. ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்று கூண்டின் மூலையை நோக்கித் தலையை நீட்டியது. நாம் இதைக் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று என்றைக்கோ சொல்லிவிட்டோம்.

இதுவரை எனக்கு யாரோடும் சண்டை இல்லை. உங்கள் பெரியப்பா ராகு காலம் பார்த்தால் பார்க்கட்டும், ஒன்றரை மணி நேரம் பொறுத்துக் கிளம்புவதால் யாருக்கும் நட்டமில்லை. மொய்யில் நூற்றியொன்று வைக்கட்டும். நிறைகுடம் எதிரே வந்தால் மகிழட்டும். கிளம்பும்போது நிறைவாக ஒன்றைக் கண்டால் போகிற காரியமும் நிறையும் என்று மனசு நினைப்பது இயல்பு. வெறுங்குடத்தைக் கண்டால் அதே மனசு சுணங்கும்.

ஆனால் குடத்தின் இடத்தில் மனிதரை வைத்துவிட்டார்கள். விறகுக்கட்டு சுமப்பவர், எண்ணெய் விற்பவர், தனியாக வரும் பார்ப்பனர், கணவனை இழந்த பெண் என்று பட்டியல் நீண்டது. பூனைக்குத் தன்னைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது என்று தெரியாது. பெண்ணுக்குத் தெரியும். இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். மனைவியை இழந்த ஆண் எதிரே வந்தால் ஆகாது என்று நம் ஊரில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சாவு தொட்ட வீடு என்ற பயம்தான் காரணமென்றால் இருவருக்கும் அது பொதுவாக இருந்திருக்க வேண்டும்.

'ஈயென இரத்தல் இழிந்தன்று' என்று தொடங்கும் புறநானூற்றுப் பாட்டு பலருக்குத் தெரியும். கழைதின் யானையார் வல்வில் ஓரியைப் பாடியது. அதன் முடிவை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பரிசில் கிடைக்காமல் திரும்பும் இரவலர் புள்ளையும் (பறவைச் சகுனத்தையும்) பொழுதையும் பழிப்பார்களே தவிர, தாங்கள் நாடிப் போனவரைப் பழிக்க மாட்டார்கள், அதனால் உன்னையும் நான் வெறுக்க மாட்டேன் என்கிறார் புலவர். நாம் கேள்வி கேட்க முடியாத இடத்தில் இருப்பவரை விட்டுவிட்டு, பதில் சொல்ல முடியாத ஒன்றின் மேல் பழியைப் போடுவது. புள்ளின் மேல் போட்டவரை பரவாயில்லை.

எங்கள் அப்பத்தா முப்பத்தொரு வயதில் தாலி அறுத்தவர். நாங்கள் எங்காவது கிளம்பினால், முன்கதவின் நாதாங்கிச் சத்தம் கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவார். யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. எனக்குப் பதினான்கு வயது இருக்கும்போது ஒரு முழுப் பரீட்சைக் காலையில் பேனாவை மறந்து தெருமுனையிலிருந்து திரும்பி ஓடி வந்தேன். அப்பத்தா ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு நான் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். "உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ ராசா" என்று சேலைக்குள்ளிருந்தே சொன்னார். கம்பியின் துரு நெற்றியில் கோடாகப் படிந்திருந்தது முந்தானைக்கு மேலே தெரிந்தது. நான் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டேன். முகத்தைக் காட்டுங்கள் அப்பத்தா என்று சொல்லத் தோன்றவில்லை. பரீட்சையில் பாஸாகிவிட்டேன். ஆகாமல் போயிருந்தால் வீட்டில் யார்மேல் பழி விழுந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

இதெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது என்பவர்களுக்காக ஒன்று. 2023 ஆகஸ்டில் ஈரோடு மாவட்டத்துப் பெண் ஒருவரின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கணவர் பூசாரியாக இருந்த கோயிலுக்குள்ளேயே, கைம்பெண் என்பதால் வரக் கூடாது என்று அவரைத் தடுத்திருக்கிறார்கள். அப்படித் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை, மண வாழ்க்கையின் நிலையை வைத்து ஒரு பெண்ணின் மதிப்பைக் குறைக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது.

சரி, பெரியப்பாவுக்கு என்ன சொல்வது? அவரும் போன வருடம் ஒரு தம்பியைப் பறிகொடுத்தவர். குடும்பத்துக்கு இன்னொன்று வந்துவிடக் கூடாதே என்ற நடுக்கம் அவருக்கும் இருக்கும். வாட்ஸ்அப்பில் பதில் போடாதீர்கள். நேரில் போய், "பெரியப்பா, நல்ல நேரம் நீங்களே பார்த்துச் சொல்லுங்க. ஆனா அம்மா வாசல்லதான் நிப்பாங்க" என்று சொல்லுங்கள். அவர் கோபப்படலாம். படட்டும்.

அதைவிடக் கடினம் உங்கள் அம்மாவிடம் பேசுவது. பெரியப்பா ஒப்புக்கொண்டாலும் அவரே மறுக்கலாம். மகனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் மற்ற யாரையும்விட அவருக்குத்தான் அதிகம். அதனால் உங்கள் தம்பிதான் கேட்க வேண்டும். மண்டபத்துக்குக் கிளம்பும் காலையில், எல்லோரும் பார்க்க, அம்மாவிடம் போய் நின்று நெற்றியில் திருநீறு பூசச் சொல்லட்டும். அவர் தயங்கினால் பூசும்வரை தம்பி நகரக் கூடாது. இதை இன்றே தம்பியிடம் சொல்லிவையுங்கள்.

முல்லைப்பாட்டில் நல்ல சொல் கேட்கப் போன அந்தப் பெருமுது பெண்டிருக்குக் கணவன் உயிரோடு இருந்தானா என்று நப்பூதனார் சொல்லவில்லை. அந்தக் காலத்திலும் கைம்மை கொடுமையாகத்தான் இருந்தது, கணவன் பூதப்பாண்டியன் இறந்தபோது அவன் தேவி பாடிய புறநானூற்றுப் பாட்டே அதற்குச் சாட்சி. ஆனாலும் போருக்குப் போன ஒருவனுக்காக ஊர் எல்லையில் கைதொழுது நின்ற அந்தக் கிழவிகளைப் படிக்கும்போதெல்லாம் ஜன்னலில் நின்ற அப்பத்தாவின் நினைவுதான் எனக்கு வருகிறது.

கல்யாணம் முடிந்ததும் எழுதுங்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.