‘ஃபெயர்’ என்று எழுதினால் பாராட்டா, குறையா?

கேள்வி: கொள்ளுப்பிட்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வருட இறுதி மதிப்பீட்டில் ‘வேலையின் தரம்’ என்ற இடத்தில் மனேஜர் ‘ஃபெயர்’ என்று போட்டிருக்கிறார். கீழே, மற்றவர்களோடு பழகுவதில் நான் ‘வெரி ஃபெயர்’ என்றும் எழுதியிருக்கிறார். இரண்டும் பாராட்டு என்று வீட்டில் சொல்லிவிட்டேன். பக்கத்து மேசை அக்காவோ முதலாவது நல்லதில்லை என்கிறார். எது சரி?
— வெள்ளவத்தை வாசகி

பதில்: அக்கா சொன்னதுதான் சரி, தங்கச்சி. ஆனால் இரண்டாவது உண்மையான பாராட்டு.

படிவத்தை மறுபடி எடுத்து, தர வரிசையைப் பாருங்கள். வழக்கமாக எக்ஸலண்ட், வெரி குட், குட், ஃபெயர், புவர் என்று இறங்கி வரும். அந்த வரிசையில் ஃபெயர் என்றால் ‘பரவாயில்லை, ஆனால் போதாது’. பழகும் விதத்தைப் பற்றிச் சொல்லும்போது அதே சொல்லுக்கு ஓரவஞ்சனை இல்லாதவர், நடுநிலையானவர் என்று பொருள்.

ஒரே சொல் இப்படிப் பிரிந்தது எப்படி? பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘அழகான’ என்பதே பொருள். அழகிலிருந்து மாசில்லாதது, அதிலிருந்து நேர்மையானது என்று ஒரு கிளை போயிற்று. திருத்தி எழுதிய சுத்தப் பிரதியை ஃபெயர் கொப்பி என்பதும், தெளிந்த வானிலைக்கு அந்தச் சொல் வருவதும் இதனால்தான். வெளிறிய நிறத்தைக் குறித்ததும் அழகின் வழியாகத்தான். கல்யாண விளம்பரங்களில் இன்றும் அது வருவது எனக்கு வருத்தம். ஒரு பிரபல முகப்பூச்சுக்கூட 2020இல் தன் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டது.

அளவைச் சொல்லும் கிளைதான் நம்மைக் குழப்புகிறது. ஆனால் நம் பேச்சிலேயே அதற்கு ஒரு சகோதரம் இருக்கிறது. ‘ஆடிவேலுக்கு நியாயமான சனம்’ என்கிறோமே, அங்கே நீதி நியாயம் எதுவும் இல்லை. கணிசமான கூட்டம், அவ்வளவுதான். ‘எ ஃபெயர் நம்பர்’ என்பதும் அதேதான். வானிலை அறிவிப்பில் ‘ஃபெயர்லி ஹெவி’ என்று வருவதைத் தமிழில் ‘ஓரளவு பலத்த மழை’ என்று தருகிறார்கள். ஆனால் அது 50 மில்லிமீற்றரைத் தாண்டும் மழை. ‘ஓரளவு’ என்று நம்பிக் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

உங்கள் தொழிலில் இன்னொன்று வரும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி நிதிக்கூற்றுகள் ‘ட்ரூ அண்ட் ஃபெயர்’ தோற்றத்தைத் தர வேண்டும். இங்கே ‘சுமார்’ என்ற பொருளுக்கு இடமே இல்லை. உண்மையாகவும் ஒளிவுமறைவின்றியும் இருக்க வேண்டும் என்பதே கருத்து.

100ஆம் இலக்க பஸ்ஸில் நீங்கள் கொடுக்கும் ‘ஃபெயர்’ வேறு சொல்; உச்சரிப்பு ஒன்று, எழுத்து வேறு. பயணம் செய்வது என்ற வேரிலிருந்து வந்தது. புத்தகக் கண்காட்சியின் ‘ஃபெயர்’ எழுத்திலும் ஒன்றாக இருந்தாலும், லத்தீன் வழியாக வந்த தனிச்சொல்.

இப்போது செய்ய வேண்டியது: மனேஜருக்கு ‘இட் இஸ் நாட் ஃபெயர்’ என்று மட்டும் மின்னஞ்சல் அனுப்பிவிடாதீர்கள். ‘எனக்கு இந்தத் தரம் போதாது’ என்று நினைத்து நீங்கள் எழுதுவது, ‘நீங்கள் அநியாயம் செய்துவிட்டீர்கள்’ என்று அவருக்குப் படும். பத்து நிமிடம் நேரம் கேட்டு, எந்த வேலையில் தரம் குறைந்தது, ‘குட்’ வாங்க என்ன மாற வேண்டும் என்று நேரில் கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு வந்து, அன்றைக்கே சுருக்கமாக ஒரு மின்னஞ்சலில் உறுதிப்படுத்தி அனுப்புங்கள்.